ரொக்கியாவின் ஒடியா, பித்யாதரின் மலாய்

பாவாத்துறையில் ரொக்கியாவின் மலாய்ப் பேச்சும் பித்யாதரின் ஒடியாப் பேச்சும் இடம் மாறிப்போன அன்று காலை இடியாப்பம் எப்போதும்போல நன்றாகத்தான் வந்திருந்தது. ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை, ஏழேகால் மணி. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்ததால் இதை யாரிடமும் கேட்டுச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. என் பெயர் பக்கிரி முகம்மது, பள்ளிவாசல் தெருவில் செராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், பொய் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

ரொக்கியா மலாய்க்காரி. பினாங்கில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த எங்கள் ஊர் ஜபருல்லாவைக் கட்டிக்கொண்டு முப்பத்துநான்கு வருடங்களுக்கு முன்னால் இங்கே வந்து, தமிழை எங்களைவிட வேகமாகப் பேசக் கற்று, பிள்ளை இல்லாமல், ஒன்பது வருடங்களுக்கு முன்னால் புருஷனையும் அடக்கம் செய்துவிட்டு, வீட்டு வாசலில் இடியாப்பம் விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். மலாய் பேச அவளுக்கு ஊரில் ஆள் கிடையாது, அதனால் அதைப் பூனையைத் திட்டுவதற்கும், வெள்ளிக்கிழமை தோறும் மலேசியாவில் கோலப்பெர்லிஸில் இருக்கும் அக்கா சல்மாவோடு போனில் பேசுவதற்கும், பார்சல் கொடுக்கும்போது நன்றி சொல்வதற்கும் வைத்திருந்தாள். பித்யாதர் பெஹரா, கடற்கரையில் இருக்கும் இறால் கம்பெனியின் ஐஸ் அறையில் வேலை பார்க்கிற இருபத்தேழு வயதுப் பையன், ஒடிசாவில் சிலிக்கா ஏரிக்கரைக்காரன், நான்கு மாதக் கைக்குழந்தையையும் பெண்டாட்டியையும் விட்டுவிட்டு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. அன்று காலை அவள் பார்சலை நீட்டினாள், அவன் வாங்கினான், அவள் வழக்கம்போல நன்றி சொல்ல வாயைத் திறந்தாள், வந்தது ஒடியா. அவன் பதிலுக்கு ஏதோ சொன்னான், வந்தது மலாய். இரண்டு பேரும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் நின்றவர் தனக்கு ஆறு இடியாப்பம், தேங்காய்ப்பால் தனியாக என்றார்.

ஒரு மணி நேரத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. அரபியில் ஓதுவது ரொக்கியாவுக்கு அப்படியே இருந்தது, தமிழும் இருந்தது, மலாய் மட்டும் ஒரு சொல் மிச்சமில்லாமல் போய், அந்த இடத்தில் ஒடியா உட்கார்ந்திருந்தது. பித்யாதருக்கு அவனுடைய உடைந்த தமிழும் சினிமா பார்த்துக் கற்ற இந்தியும் இருந்தன. கூட வேலை பார்க்கிற லிங்கராஜ் அவனோடு ஒடியாவில் பேசிப் பார்த்தான், இவனுக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. "பாய், என் பேச்சு போச்சு," என்று என் கடை வாசலில் வந்து நின்றான். "அந்த அக்கா வாய்ல இருக்கு. எனக்கு வேற யாரோ பேச்சு வந்துடுச்சு. நல்லா வருது. அதான் பயமா இருக்கு."

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர் எதற்கும் பதறாது, ஆனால் எல்லாவற்றுக்கும் கூட்டம் போடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டு பேருக்கும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். காவல் நிலையத்தில் எழுத்தர் பேனாவைத் திறந்து, காணாமல் போன பொருள் என்ன, யாரிடம் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வந்து, இரண்டு பேருமே பறிகொடுத்தவர்கள், இரண்டு பேரிடமுமே பொருள் இருக்கிறது என்ற இடத்தில் நின்று, இதற்குப் படிவம் இல்லை என்று பேனாவை மூடிவிட்டார். இறால் கம்பெனியில் ஐஸ் உடைக்க எந்தப் பாஷையும் தேவையில்லை என்பதால் லீவு கிடையாது என்றார்கள். ஜமாஅத்தில் மூன்று மணி நேரம் பேசி, ஒடியா பேசுவது மார்க்கத்துக்கு விரோதமில்லை என்று முடிவெடுத்து, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். ரொக்கியாவின் பூனையை அன்றிலிருந்து அவள் ஒடியாவில் திட்டினாள், பூனை முன்பு எந்த அளவுக்குக் கேட்டதோ அந்த அளவுக்கே இப்போதும் கேட்டது.

டீக்கடையில்தான் கட்சி பிரிந்தது. மூன்று தலைமுறையாகப் பினாங்குக்குப் போய் வந்த குடும்பங்கள் எல்லாம் மலாய்க் கட்சி. அது தங்கள் வீட்டுச் சொத்து என்றும், அது போய் ஐஸ் அறையில் விறைத்துக்கொண்டிருப்பது சகிக்கவில்லை என்றும் பேசினார்கள். மீன்பிடிப் பக்கத்து ஆட்கள் ஒடியாக் கட்சி. ஒடியாவில் குழந்தைக்குப் பிலா என்று பெயர், அது நம் பிள்ளைதான், ஆகவே இது நம் கரையிலிருந்து போன பாஷை என்று சத்தியம் செய்தார்கள். இரண்டு பக்கத்திலும் அந்தந்தப் பாஷையில் நாலு சொல்லுக்கு மேல் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால் விவாதம் தடங்கலில்லாமல் நடந்தது.

கிளை நூலகத்து மரகதவல்லிதான் இதை முறைப்படுத்தியது. நூலகத்துக்கு ஒரு நாளைக்கு நான்கு பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக வருவார்கள், அதனால் அந்த அம்மாவுக்கு நேரம் இருந்தது. ஒரு பெரிய நோட்டில் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் மலாய், வலது பக்கம் ஒடியா என்று எழுதி, ரொக்கியாவையும் பித்யாதரையும் எதிரெதிரே உட்காரவைத்து, தமிழில் ஒரு சொல்லைச் சொல்லி இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டது. நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் மலாயில் பாடி, பெராஸ், நாசி என்று மூன்று சொல். ஒடியாவில் தான, சாவுள, பாத என்று மூன்று சொல். அதை வாசித்துக் காட்டியபோது இரண்டு கட்சிக்காரர்களும், பரவாயில்லை, மனுஷர்களின் பாஷைதான் என்று ஒத்துக்கொண்டார்கள். ஒடியாச் சொற்கள் வாயைத் திறந்து வைத்தபடியே முடிகின்றன, மலாய்ச் சொற்களில் பாதி தொண்டையில் தாழ் விழுந்தாற்போல முடிகின்றன என்று அந்த அம்மா குறிப்பு எழுதியது. அவன், அவள் என்று பிரிக்காமல் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பாஷைக்காரர்களும் எப்படித்தான் குடும்பம் நடத்துகிறார்களோ என்று நான் கேட்டேன், அந்த அம்மா அடுத்த சொல்லுக்குப் போய்விட்டது. குரு, ரசம், பாஷை, கண்ணாடி என்று சில சொற்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன, அவை மட்டும் இடம் மாறாமல் இரண்டு பேரிடமும் இருந்தன. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பொதுச்சுவர் இருப்பதுபோல என்று மரகதவல்லி சொன்னது. நோட்டு நான்கு ஆனது.

இதெல்லாம் ஊருக்குப் பொழுதுபோக்கு. பித்யாதருக்கு அப்படியில்லை. அவனுடைய மகள் ஜிலி பேசத் தொடங்குகிற வயதில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அவளுடைய மழலையைக் கேட்பதற்காகத்தான் அவன் ஆறு நாள் ஐஸ் உடைத்தான். இப்போது அந்தப் பிள்ளை ஒரு சொல் சொன்னால் அவனுக்குப் புரியாது, அவன் ஒரு சொல் சொன்னால் அந்த வீட்டில் யாருக்கும் புரியாது. பார்த்த நினைவில்லாத அப்பனைக் குழந்தைகள் பேச்சை வைத்துத்தான் தெரிந்துகொள்கின்றன. லிங்கராஜை வைத்துப் பேசிப் பார்த்தான். லிங்கராஜ் மேற்கே பலாங்கீர்க்காரன், அவன் பேச்சு வேறு, பித்யாதரின் பெண்டாட்டி குந்தளா இரண்டு நிமிடத்தில் அலுத்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். ரொக்கியாவின் வாயில் இருந்ததோ ஏதோ ஒரு ஒடியா இல்லை, சாட்சாத் பித்யாதரின் ஒடியா. அவன் கேலி, அவன் இழுவை, கோபம் வந்தால் நடுவில் விழுங்குகிற அவன் பாதிச் சொற்கள், எல்லாம் அதில் இருந்தன.

இந்த இடத்தில்தான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உள்ளே வந்தது. சபர் என்று நாங்கள் சொல்கிற கடல் கடந்த பிழைப்பு பாவாத்துறையில் தொடங்கிய நாளிலிருந்து, புருஷனுக்குப் பெண்டாட்டி சொல்வதை இன்னொருவர் எழுதி, அங்கே வேறொருவர் வாசித்துக் காட்டித்தான் குடும்பங்கள் நடந்தன. எழுதுகிறவர் எதையும் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. ஆனால் கடிதம் முடிந்ததும் அடியில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு வரி தன் சொந்த வரியாக எழுதிக்கொள்ளலாம், அதற்கு எழுத்துக்காரர் வரி என்று பெயர். அவருக்குக் கூலி அதுதான். இன்னொருவர் வாயால் பேசுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை என்பதால், ஜமாஅத்தில் நானே எழுந்து, ரொக்கியா பித்யாதருக்கு எழுத்துக்காரராக இருக்கட்டும், பித்யாதர் ரொக்கியாவுக்கு எழுத்துக்காரராக இருக்கட்டும், ஆளுக்கு ஒரு வரி என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இதில் ஒரு பிசகு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான், அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

போன் பேச்சு என் கடையில், ஸ்பீக்கரில், பட்டப்பகலில். முதல் நாள் தன் புருஷனின் பேச்சு ஒரு பெண்பிள்ளைத் தொண்டையில் வருவதைக் கேட்டு குந்தளா பதினொரு முறை போனை வைத்தாள். பன்னிரண்டாவது முறை ஒரு கேள்வி கேட்டாள். ரொக்கியா அதைக் கேட்டுவிட்டுப் பித்யாதரைப் பார்த்து, "கல்யாணம் ஆன மூணாம் நாள் உன் மேல எதை வீசுனாளாம்?" என்றாள்.

கடை நிறைய ஆள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "மீன் சட்டி," என்றான். பிறகு, "கொழம்போட," என்றான்.

ரொக்கியா சொன்னாள். அந்தப் பக்கம் குந்தளா அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு மீண்டும் அழுதாள். அன்றிலிருந்து ஞாயிறு தோறும் பேச்சு ஒழுங்காக நடந்தது. வெள்ளிக்கிழமை மலாய்ப் பேச்சும் நடந்தது. அங்கே சல்மா பித்யாதரை எடுத்த எடுப்பிலேயே சாப்பிட்டாயா என்று கேட்டுத் தம்பியாக்கிக்கொண்டாள். முப்பது வருடத் தமிழ்நாட்டில் துருப்பிடித்துப்போன தங்கச்சியின் பேச்சு இந்தப் பையன் வாயில் கப்பலேறிய நாளில் இருந்ததுபோலவே இருக்கிறது என்று சொல்லி, ரொக்கியாவின் சேதி முடிந்த பிறகும் அவனோடு முக்கால் மணி நேரம் பேசினாள். ரொக்கியா ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்தது.

பித்யாதர் போனில் என்ன பெரிதாகப் பேசிவிடுவான்? சாப்பிட்டேன், தூங்கினேன், ஐஸில் கை வெடிக்கிறது, மழை இல்லை. ரொக்கியா கூட்டாமல் குறைக்காமல் சொல்வாள். கடைசியில் அவளுடைய ஒரு வரி. முதல் வாரம் குந்தளாவுக்கு சலாம் சொன்னாள். இரண்டாவது வாரம் போனுக்குப் பக்கத்தில் பிள்ளை ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது, தன் வரியை அவள் அந்தப் பிள்ளைக்குச் சொன்னாள். என்ன சொன்னாள் என்று லிங்கராஜைக் கேட்டேன். "இறால் குட்டி, உன் மீசை எங்க போச்சுன்னு கேட்டாங்க பாய்," என்றான். பிள்ளை சிரித்தது. அடுத்த வாரமும் ஒரு வரி, அதற்கடுத்த வாரமும். திங்கட்கிழமையே அடுத்த ஞாயிற்றுக்கான வரியை அவள் யோசிக்கத் தொடங்கிவிடுவாள் என்று நினைக்கிறேன். மாவு பிழியும்போது உதடு அசையும், கேட்டால், அண்ணன் முறை வைத்து, "ஒண்ணுமில்ல நானா, பசியாறிட்டுப் போங்க," என்பாள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு, பேச்சு முடிந்து, ரொக்கியா தன் வரிக்காக மூச்சை எடுப்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து பிள்ளை முந்திக்கொண்டு அப்பா என்று கூப்பிட்டது. தெளிவாக, இரண்டு முறை. அப்பாவுக்கு ஒடியாவில் என்ன சொல்லோ அதேதான் மலாயிலும், அதனால் பித்யாதருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் ஸ்டூலிலிருந்து எழுந்தே விட்டான், போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, மகளே மகளே என்று மலாயில் கொட்டினான். பிள்ளை கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு சிணுங்கியது. குந்தளா ஏதோ சமாதானம் சொன்னாள். பிள்ளை விடாமல் அப்பா, அப்பா என்று அழுதது. போன் ரொக்கியாவின் கைக்குத் திரும்பி, அவள் ஒரு வார்த்தை சொன்னதும் அழுகை நின்றது.

கடிதத்தில் கோடு போட்டு அதன் கீழேதான் எங்கள் ஆட்கள் சொந்த வரியை எழுதுவார்கள். பேச்சில் கோடு ஏது? எது அப்பன் சொன்னது, எது எழுத்துக்காரர் சொன்னது என்று பதினைந்து மாதப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுப்பது? ஊரே கூடி முடிவெடுத்ததில் ஒரு மண்டைக்கும் இது எட்டவில்லை. நோட்டோடு கடையில் உட்கார்ந்திருந்த மரகதவல்லி பேனாவைத் திறந்து வைத்திருந்தது, அந்தச் சொல்லை இரண்டு பக்கத்திலும் எழுதாமல் நோட்டை மூடிவிட்டது.

பித்யாதர் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. கேட்டால் ஐஸ் வேலை என்றான். இரண்டாவது வாரம் ரொக்கியா என் கடைக்கு வந்து, செராக்ஸ் எடுக்க ஒன்றும் இல்லாமல், கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானா, நான் திருடிட்டேன்."

"என்னத்தைத் திருடுனே? பேச்சு மாறுனதுக்கு நீ என்ன செய்வே?"

"பேச்சை இல்ல. அந்தப் புள்ள கூப்பிட்டுச்சுல்ல, எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு நானா. அவன் பக்கத்துல உக்காந்திருக்கான், அது தெரிஞ்சும் குளுந்துச்சு. எம் பேர வச்சு ஒரு புள்ளையும் அழுததில்ல. அதான் திருட்டு." கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. "அவன ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். அந்தப் புள்ள இவன் மூஞ்சியப் பாக்கணும். நான் கூடப் போயி, இவன்தான்னு சொல்லிட்டு வந்துடறேன்."

ஜமாஅத் கூடியது. விதவைப் பெண் அவ்வளவு தூரம் தனியாகப் போகலாமா என்று ஒன்றரை மணி நேரம் பேசி, ஊரில் வேலை குறைவாக உள்ள ஆள் யார் என்று பார்த்து, என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். எனக்கு வேலை இருந்தது. கம்பெனியில் பித்யாதருக்கு நான்கு வாரம் லீவு கொடுத்தார்கள். மரகதவல்லி நான்கு நோட்டுகளையும் செராக்ஸ் எடுத்து என் பையில் வைத்தது.

ஆந்திரா தாண்டியதும் ரயிலில் ஏறியவர்கள் எல்லோரும் ஒடியா. ரொக்கியா ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களோடு மீன் விலையிலிருந்து மருமகள் கொடுமை வரை பேசிக்கொண்டு வந்தாள். தன் சொந்த மண்ணுக்குள் நுழைகிற பித்யாதர், ஊர்ப் பெயர்ப் பலகைகளை முறைத்துப் பார்த்துக்கொண்டு, வெளிநாட்டுக்காரன்போல என்னிடம் தமிழில், "இது என்ன ஸ்டேஷன் பாய்?" என்று கேட்டான். எனக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஏரிக்கரை ஸ்டேஷனான பாலுகானில் இறங்கியபோது ஆட்டோக்காரன் அவனைப் பார்த்துத்தான் எங்கே என்று கேட்டான், ரொக்கியாதான் வழி சொன்னாள்.

வீடு ஏரியைப் பார்த்து இருந்தது. குந்தளா வாசலில் நின்றாள், ஒல்லியான பெண், புருஷனைப் பார்த்ததும் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். பிள்ளை அவள் காலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ரொக்கியா செருப்பைக் கழற்றிக்கொண்டே, வந்துவிட்டோம் என்று ஒடியாவில் சொன்னாள். அவ்வளவுதான். பிள்ளை காலுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கையை நீட்டிக்கொண்டிருந்த பித்யாதரைச் சுற்றிக்கொண்டு, தத்தித் தத்தி வந்து ரொக்கியாவின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பா என்றது. பித்யாதர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். ரொக்கியாவின் கை தானாக அந்தத் தலையைத் தடவப் போனது, பாதியில் நின்றது. அந்தக் கணத்திலிருந்து அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஒடியாவை மட்டுமில்லை, எல்லாவற்றையும். எந்தப் பாஷையில் பேசினாலும் குரல் ஒன்றுதானே, பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். என்னோடு பேச வேண்டுமென்றால் மரகதவல்லி கொடுத்த செராக்ஸ் தாள்களின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். இவன்தான் அப்பா என்று சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாயே, சொல்லேன் என்று கேட்டேன். அதையும் என் வாயால் சொன்னால் பிள்ளை என் வாயைத்தான் பார்க்கும் என்று எழுதினாள். தொழுதாள், மீன் கழுவினாள், குந்தளாவோடு கையாலும் கண்ணாலும் குடும்பம் நடத்தினாள். குந்தளாவுக்கு முதலில் கோபம், எப்படியாவது வந்துகொண்டிருந்த புருஷன் பேச்சும் நின்றுபோனதே என்று. பிள்ளை மூன்று நாள் ரொக்கியாவின் முகத்தைப் பிடித்து உதட்டை விரலால் பிரித்துப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள், கண்ணிலிருந்து நீர் வழியும், வாய் திறக்காது. அந்த மூன்று நாள் என் எதிரிக்கும் வரக் கூடாது.

பித்யாதர் வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் கிடந்தான். நாலாம் நாள் வெள்ளிக்கிழமை, சல்மா கோலப்பெர்லிஸிலிருந்து போன் செய்தாள். அவன் நடந்ததைச் சொல்லியிருப்பான்போல, அங்கிருந்து வந்த ஏச்சு ஏரிக்கரை வரை கேட்டது. போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா திட்டுறாங்க பாய். உன் வாயில இருக்கிறது என் தங்கச்சி பேச்சு, அதுக்கு என்ன கொறச்சல், அத ஏன் கொழந்தைகிட்ட பேசல, கேக்குறாங்க. கொழந்தைக்கு எல்லாப் பேச்சும் புதுசுதானடா மடையான்னு சொல்றாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமா, மடையன்தான்னு சொன்னேன்."

மறுநாள் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனான். அன்று கார்த்திகைப் பௌர்ணமி. அந்தக் கரையில் அன்றைக்கு விடியற்காலையில் வாழைமட்டையிலும் காகிதத்திலும் சின்னக் கப்பல் செய்து, விளக்கு வைத்து, தண்ணீரில் விடுவார்கள், பழங்காலத்தில் அங்கிருந்து ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் பாய்மரம் கட்டிப் போன வியாபாரிகளை நினைத்து. ஊரே இடுப்பளவு தண்ணீரில் நின்றது. பித்யாதர் மிதந்து போகிற ஒன்றைக் காட்டி, பிள்ளையிடம் மலாயில் காப்பால் என்றான். அந்த ஒரு சொல் எனக்கே புரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் இந்தி கலந்து என்னிடம், அவன் பேசுவது எந்த நாட்டுப் பேச்சு என்று விசாரித்தார். சொன்னேன். அவர், அத்தனை கப்பல் போயிருக்கிறது, ஏதாவது ஒன்று திரும்பி வரத்தானே செய்யும் என்று சொல்லிவிட்டுத் தன் கப்பலைத் தள்ளிவிட்டார். அந்த ஊர் இந்த விஷயத்தைப் பேசி முடித்தது அவ்வளவில்தான். எங்கள் ஜமாஅத் அந்த ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து அவன் வாய் ஓயவில்லை. மீனைக் காட்டி, கொக்கைக் காட்டி, தன் மூக்கைக் காட்டி, மீன் சட்டி கதையைக்கூட அபிநயத்தோடு சொல்லி, விடிந்ததிலிருந்து பிள்ளை உறங்கும்வரை மலாயிலேயே பேசினான். குந்தளா ஒடியாவில் பேசினாள். பிள்ளை இரண்டையும் பிசைந்த சோற்றை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டது. இது அப்பா வாயிலிருந்து வருவது, இது அம்மா வாயிலிருந்து வருவது என்று அதற்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. மரகதவல்லி நான்கு நோட்டில் கோடு கிழித்துச் செய்த வேலையை அது கோடு இல்லாமல் செய்துகொண்டிருந்தது. ரொக்கியா தூணோரம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே அந்த மலாயைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் அம்மா அவளுக்குச் சொன்ன சொற்கள்தான், அவளுக்கு ஒன்று விளங்காது. தலையைச் சாய்த்துக்கொண்டு, பாட்டைக் கேட்பவள்போலக் கேட்பாள்.

பத்தொன்பதாவது நாள் மத்தியானம், மறுநாள் எங்களுக்கு ரயில். பித்யாதர் வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலை முடிச்சைப் பிரித்துக்கொண்டிருந்தான். பிள்ளை வெயிலிலிருந்து ஓடி வந்து, ரொக்கியாவைக் கடந்து, அவன் முதுகில் தொற்றி ஏறி, அவன் காதைப் பிடித்து இழுத்து, அப்பா என்று கூப்பிட்டது. பிறகு மலாயில் ஏதோ சொன்னது, சின்னதாக, அதிகாரமாக.

வலை அவன் கையிலிருந்து விழுந்தது. ரொக்கியா உரித்த இறாலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிமிர்ந்தாள். பத்தொன்பது நாள் மூடியிருந்த வாய் தன்னை மீறித் திறந்துகொண்டது.

"என்ன சொல்றா? டேய், என்ன சொல்றா அவ?"

அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளை சட்டென்று திரும்பியது. அது ரொக்கியாவை நன்றாகப் பார்த்தது, தலையிலிருந்து கால் வரை பார்த்தது. பிறகு திரும்பி, அப்பன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, அவன் காதை இன்னும் பலமாக இழுத்து, சொன்னதையே மறுபடியும் சொன்னது.

"தண்ணி கேக்குறா அக்கா," என்றான் பித்யாதர். அவனால் எழுந்திருக்க முடியவில்லை, பிள்ளை முதுகில் இருந்தது, தவிர அவன் அழுதுகொண்டிருந்தான்.

ரொக்கியா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து, உள்ளே போய், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து அவன் கையில் கொடுத்தாள்.